ஆரல்வாய்மொழி: மேக்காத்தில் சாயும் புங்கை, பிடுங்கிவிடலாமா?

சரல்மண்:
நிழலுக்காகப் புங்கங்கன்று நட்டு 14 மாதம். ஏழடி உயரம். சரல் கலந்த செம்மண். தினமும் சாயங்காலம் மூட்டில் (தண்டின் அடியில்) அரை வாளி தண்ணி. ஆனியில் மேக்காத்து (மேற்கிலிருந்து வீசும் காற்று) தொடங்கியதும் கிழக்கே சாய்ந்துவிட்டது. ஒற்றைக் கம்பில் அடி முதல் நுனிவரை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியும் நிற்கவில்லை. இலை முழுக்கப் பச்சைக் கொப்புளம் வேறு. பிடுங்கிவிட்டு வேம்பு வைக்கவா?

தோவாளை வாய்க்கால்:
வேம்புக்கும் இதே தண்ணிதான் என்றால் அதுவும் சாயும். முழங்கால் உயரத்தில் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்க. தண்டு மட்டும் வளைந்தால் தண்டுக்கு வலு இல்லை. மூட்டைச் சுற்றி மண் வாய்பிளந்தால் வேர் பிடிக்கவில்லை.

தினசரி அரை வாளி மேல்மண்ணை நனைப்பதோடு சரி. வேரும் அங்கேயே சுருண்டு கிடக்கும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வாய்க்கால் வெட்டி, ஐந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுங்க. மறுநாள் கம்பியைக் குத்தினால் ஓரடி ஆழம் ஈரமாக இருக்கணும். மூட்டில் மண்ணைக் குவிக்காதீங்க. மேலே கதம்பை (தேங்காய் மட்டை) பரப்பலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு.

அந்த நைலான் கட்டை இன்றைக்கே அவிழ்த்துவிடணும். ஆடாத தண்டு பருக்காது, கயிறு பட்டையையும் அறுக்கும். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு கம்பு, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. பழைய சைக்கிள் டியூபை எட்டு வடிவில் சுற்றி இரண்டரை அடி உயரத்தில் மட்டும் கட்டுங்க. நுனி காற்றில் ஆடட்டும்.

இலைப்பேன்:
கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. புங்கைக்கு இது புதுசில்லை, மரம் சாகாது. கொப்புளம் அதிகமான இலைகளைக் கிள்ளி எரித்தால் போதும். சாதாரணப் பூச்சிமருந்து அடித்தால் அந்தப் பேனைத் தின்னும் பேன்கள்தான் முதலில் சாகும். யூரியாவும் வேண்டாம், இளந்தளிர் பெருகினால் பேனும் பெருகும், தலைக்கனம் கூடி இன்னும் சாயும். புங்கை வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

சரல்மண்:
ஆட்டினால் மண் பிளக்கிறது, அண்ணாச்சி. மூன்று அங்குலம் தோண்டியதில் சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர் தண்டைப் பாதி சுற்றியிருக்கு. மற்ற வேர்கள் நேராகத்தான் வெளியே போகின்றன.

தோவாளை வாய்க்கால்:
நாற்றுக் கவரில் இருந்தபோதே சுருண்ட வேர் அது. தண்டு பருக்கப் பருக்க நெரிக்கும், வெட்டித்தான் ஆகணும். ஆனால் காற்று வீசும்போது வெட்டினால் இருக்கிற பிடியும் போயிரும். ஐப்பசி மழையில் மண் நன்றாக ஊறிய பின், தண்டைச் சுற்றிய பகுதியின் இரு முனையையும் கூரான உளியால் வெட்டுங்க. பட்டையோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே விடுங்க, மக்கிப்போகும். கம்பு அடுத்த மேக்காத்து முடியும் வரை இருக்கட்டும்.

எல்லா வேரும் கயிறு போல முறுக்கியிருந்தால்தான் மாற்றணும். அப்போது ஆறடிக் கன்றைத் தேடாமல் இரண்டடிக் கன்று வாங்கி, கவரைக் கிழித்ததும் வேர்க்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று கீறல் போட்டு நடுங்க.

இலைப்பேன்:
மாசி வாக்கில் இலை கொட்டும். பட்டுப்போச்சுன்னு நினைத்துக் குடம் குடமாக ஊற்றாதீங்க. நகத்தால் சிம்பை (சிறு கிளையை)க் கீறிப் பாருங்க, உள்ளே பச்சை இருந்தால் தளிர் வரும்.