பல குழுக்களில் வாசிப்பவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேஸ் கிதார் வாசிப்பவர்:

ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் வாசிப்பவரைப் பற்றி இசைக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறவர், எதிலும் முழு மனது வைக்காதவர் என்பார்கள். இதை நான் கொஞ்சமும் ஏற்பதில்லை. நான் இப்போது நான்கு குழுக்களில் வாசிக்கிறேன். ஒரே குழுவில் மட்டும் இருந்த காலத்தைவிட இப்போதுதான் என் வாத்தியத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

முதல் குழு திருமண வரவேற்புகளிலும் விருந்துகளிலும் நடனப் பாடல்கள் வாசிக்கிறது. இரண்டாவது, பியானோ, டிரம்ஸ், நான் என மூன்றே பேர் கொண்ட ஜாஸ் குழு. மூன்றாவது சொந்தப் பாடல்களை மட்டும் வாசிக்கும் ராக் குழு. நான்காவது, பழைய சோல் பாடல்களைப் பாடும் ஒரு பாடகிக்குப் பின்னணி வாசிக்கும் குழு. வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொள்வது முதல் குழுதான். அதை இளக்காரமாகப் பேசும் நண்பர்கள் எனக்கும் உண்டு. இருநூறு பேரைத் தாளம் தளராமல் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடவைப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை அவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்தால் அறிவார்கள்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு பாடல் நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு அடி அரை நொடி. எல்லாக் குழுவிலும் கணக்கு இதுதான், ஆனால் அந்த அடியின் எந்த இடத்தில் என் விரல் விழவேண்டும் என்பது குழுவுக்குக் குழு மாறும். எங்கள் ராக் டிரம்மர் அடிக்குச் சற்று முந்தியே நிற்பார். சோல் குழுவின் டிரம்மர் ஸ்நேரை, அதாவது டிரம்ஸில் 'சட்'டென்று கூர்மையாக ஒலிக்கும் முரசை, பிடித்து இழுத்து, இனி விழாதோ என்று தோன்றும் நேரத்தில் போடுவார். வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான் இருக்கும். ஆனாலும் ஒருவருக்கு வாசிப்பதுபோல் மற்றவருக்கு வாசித்தால் பாட்டே சாய்ந்துவிடும். ஜாஸ் குழுவிலோ நான்கு அடியும், அடிக்கு ஒரு ஸ்வரமாக, நடந்துகொண்டே இருப்பது என் வேலை. அங்கே தாளத்தின் பாரத்தில் பாதி என் தோளில்.

இதை எனக்குச் சொற்களாக்கிக் கொடுத்தவர் ஒரு வயதான டிரம்மர். எங்கள் நடனக் குழுவின் வழக்கமான டிரம்மருக்குக் காய்ச்சல் வந்ததால், அவர் கடைசி நேரத்தில் மாற்றாக வந்திருந்தார். ஒத்திகை கிடையாது. பாடல் பட்டியலை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நேராக என்னிடம் வந்து, "தம்பி, நீ ஸ்வரத்தை எங்கே விடுகிறாய்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "தொடங்கும் இடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நீ விடும் இடத்தில்தான் என் ஸ்நேர் விழவேண்டும். வாசித்துக் காட்டு, நான் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்றார். மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிபயர்கூட இல்லாமல், நான் தந்தியைத் தட்ட, அவர் தொடையில் தாளம் போட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றிரவு முதல் பாடலிலிருந்தே பல வருடம் சேர்ந்து வாசித்தவர்கள்போல் இருந்தோம். இப்போது எந்தக் குழுவுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, டிரம்மருடைய ஸ்நேருக்கு முன்னால் எவ்வளவு மௌனம் வேண்டும் என்பதைத்தான்.

இனி தேதி விஷயம். முதலில் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிதான் என் நிகழ்ச்சி. பிறகு எவ்வளவு பெரிய அழைப்பு வந்தாலும் மாற்றுவதில்லை. ஒருமுறை பெயர்பெற்ற பாடகர் ஒருவரின் சுற்றுப்பயணத்துக்கு அழைப்பு வந்தது. அதன் முதல் இரவும், எங்கள் ஜாஸ் குழு ஒரு சிறிய அரங்கில் வாசிக்கவிருந்த இரவும் ஒன்றாக அமைந்தன. நான் ஜாஸுக்குத்தான் போனேன். சுற்றுப்பயணம் வேறொருவருக்குப் போனது. பணத்தில் அது எனக்கு நிஜமான இழப்பு, அந்த வாய்ப்பு திரும்பவும் வரவில்லை. நாளை அதேபோல் வந்தாலும் இதையேதான் செய்வேன். நான்கு குழுக்களும் என்னை நம்பித் தேதி கொடுக்கின்றன. அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த வாழ்க்கையை ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது.

உங்களுக்கு எப்படி? நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள்.

பாடகி:

அண்ணா, பாடுகிறவர்களுக்குச் சிக்கல் சுருதியில் வருகிறது. நான் இரண்டு குழுக்களில் பாடுகிறேன். ஒன்றில் எனக்கு முன் பாடியவர் என்னைவிடத் தாழ்ந்த குரல்காரர். அவர் விட்டுப்போன பாடல்கள் எல்லாமே எனக்கு இரண்டு, மூன்று அரை ஸ்வரம் கீழே கிடந்தன. சுருதியை ஏற்றித் தரச் சொன்னால் குழுவில் முகம் சுருங்கும். மனப்பாடமாகிவிட்ட விரல்களை மாற்றுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கிதாரில் சுருதியை ஏற்றப் போடும் கேப்போ என்ற கவ்வியைத் தொண்டையில் போட முடியாதே.

அப்போதுதான் ஒரு கிதார் கலைஞர் மாற்றாக வந்தார். அவருடைய தாளில் ஸி, எஃப், ஜி என்று கார்டுகளின் பெயர் எதுவும் இல்லை, வெறும் எண்கள்தான். 1, 4, 5, இடையில் 6, அதன் பக்கத்தில் மைனருக்கு ஒரு சிறு கோடு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கலைஞர்கள் பயன்படுத்தும் முறை இது என்றார். 1950களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் தொடங்கியது, பிறகு சார்லி மெக்காய் போன்றவர்களால் பரவியது. எது 1 என்று பாடகர் சொன்னால் போதும், மற்ற எண்கள் தாமாக இடம்பிடித்துக்கொள்ளும். "உங்களுக்கு எங்கே வசதி, அம்மா?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை காலத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது இரண்டு குழுக்களின் பாடல்களையும் நானே எண்களில் எழுதிவைத்திருக்கிறேன். புதிதாக யார் வந்தாலும் அந்தத் தாளைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிப்பவர்:

சுருதி என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆல்ட்டோ சாக்ஸில் நான் ஸி என்று வாசித்தால் பியானோவில் அது ஈ ஃப்ளாட், அதாவது ஈயைவிட அரை ஸ்வரம் கீழே. பித்தளை வாத்தியங்கள் நிறைந்த என் முதல் குழுவில் இது தொல்லையே இல்லை. அவர்கள் ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட் என்றே புழங்குவார்கள். பிறகு ஒரு ராக் குழுவில் சேர்ந்தேன். கிதார்காரர்களுக்கு விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்தி பிடிக்கும், அதனால் எல்லாப் பாடலும் ஈ மேஜர். எனக்கு அது ஸி ஷார்ப் மேஜர், ஏழு ஷார்ப், அதாவது ஏழு ஸ்வரமும் அரை ஸ்வரம் ஏறியவை! டி ஃப்ளாட் என்று நினைத்துக்கொண்டாலும் ஐந்து ஃப்ளாட். வேகமான இடங்களில் விரல் பின்னிக்கொள்ளும்.

குழுத்தலைவரிடம் இதைப் பொறுமையாக ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஒத்திகைக்கு வந்தபோது, கிதார், பேஸ் இரண்டிலும் எல்லாத் தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்திருந்தார்கள். அவர்கள் விரல் பழைய ஈ இடத்திலேயே, ஒலிப்பது ஈ ஃப்ளாட், எனக்கு ஸி மேஜர்! பாடுகிறவருக்கும் உச்ச ஸ்வரங்களில் மூச்சு வந்தது. ஒரு குழு ஒருவருக்காக இப்படி இறங்கி வந்ததை நான் மறக்க மாட்டேன். இதுபோன்ற மனிதர்களுக்காகத்தான் வார இறுதியில் ஊர் ஊராக வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

புதிதாக டிரம்ஸ் வாசிப்பவர்:

நான் இரண்டாவது குழுவில் சேர்ந்ததும் முதல் குழு, "நாங்களா, அவர்களா, முடிவு செய்" என்கிறது. அவர்களோடு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சிகூட நிச்சயம் இல்லை. என்ன செய்வது அண்ணா?

பேஸ் கிதார் வாசிப்பவர்:

தம்பி, உன்னை மட்டுமே வேண்டும் என்று கேட்க ஒரு குழுவுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு. நிகழ்ச்சி இல்லாத மாதத்துக்கும் ஒரு தொகை தருவார்களா என்று மரியாதையோடு கேள். தர முடியாது என்றால் அவர்கள் கேட்பது உன் காலத்தை இலவசமாக. அதற்கு நீ கடன்பட்டவன் இல்லை. நீ செய்யவேண்டியது வேறு. உன் நாட்காட்டியை இரண்டு குழுவும் பார்க்கும்படி பகிர்ந்துவை. எந்தத் தேதி யாருக்கு என்பதில் ஒளிவுமறைவே வேண்டாம். முடியாத நாளுக்கு மாற்று ஆளை நீயே தேடிக் கொடு, அந்த ஆள் உன்னைவிட நன்றாக வாசிப்பவராக இருந்தாலும் கொடு. கோபமாக இருப்பவர்கள் பெரும்பாலும் பயத்தில் இருக்கிறார்கள், நீ கைவிட்டுவிடுவாயோ என்று.

இசை நாடகங்களுக்குக் கீபோர்டு வாசிப்பவர்:

மாற்று ஆள் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மேடைக்கு முன்னால் உள்ள வாத்தியக் குழியில், வழக்கமானவர் வராத இரவுகளில் வாசிப்பதுதான் என் பிழைப்பில் பெரும்பகுதி. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று நாடகங்களுக்கு இப்படித் தயாராக இருப்பேன். தனியாக ஒத்திகை கிடைக்காது. ஓர் இரவு வழக்கமானவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த முறை நானே வாசிக்கவேண்டும். நடிகர்களுக்கு ஆள் மாறியது தெரியக்கூடாது.

அதில் என்னைக் காப்பாற்றுவது இசைத்தாளில் உள்ள பென்சில் குறிப்புகள். "இங்கே இசை நடத்துநரைப் பார், கதவு திறக்கும்வரை காத்திரு." "இந்த வரியில் சிரிப்பு வரும், நிறுத்தம் நீளலாம்." "பெடலை அழுத்தி ஒலியை மாற்று, முந்திக்கொள்ளாதே." நான் ஒருவருக்கு மாற்றாகப் போனேன். மிகக் கண்டிப்பானவர், அதிகம் பேசாத பெண்மணி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரவில் என்னிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பாரா, தெரியாது. ஆனால் நான் வாசித்த இரவில் தாளைத் திறந்தால், ஒவ்வொரு கடினமான பக்கத்திலும் புதிய குறிப்புகள். நான் அன்று எந்தெந்த இடத்தில் தலை சாய்த்துத் தேடினேன் என்பதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். திருப்பக் கடினமான பக்கத்தின் முனையைக்கூட மடித்துவைத்திருந்தார். அன்றைக்கு நான் நன்றாக வாசித்ததில் பாதி அவருடையது. அவருக்குப் பிறகு நானும் எந்தத் தாளையும் குறிப்பு சேர்க்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. மையில் எழுதாதீர்கள், பென்சிலில் எழுதுங்கள். நடத்துநர் மாறினால் குறிப்பும் மாறும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதார் வாசிப்பவர்:

மாற்று ஆளாகப் போவதைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு கேரல் கே பற்றிச் சொல்வேன். ஜாஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்த அவர், 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் கலைஞர் வராமல்போனபோது அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். பிறகு அந்த நகரத்தில் மிக அதிகமாக அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். அவரும் அவருடன் வாசித்தவர்களும் எத்தனையோ குழுக்களின் இசைத்தட்டுகளில் ஒலிக்கிறார்கள். பல தட்டுகளின் உறையில் அவர்கள் பெயரே இல்லை. இது எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது. நீங்கள் வாசித்த பாடல் வெளியாகும்போது உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படவேண்டியதில்லை.

நீண்டகாலமாக டிரம்ஸ் வாசிப்பவர்:

ஒருவரும் காதைப் பற்றிப் பேசவில்லையே. நியாஷ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் பணியிடச் சத்தத்துக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபல், ஒரு நாளில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். மூடிய அறையில் ராக் ஒத்திகை 100-ஐச் சுலபமாகத் தொடும்.

பல குழுக்களில் வாசிப்பவருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. ஒவ்வொரு குழுவும் தன்னுடைய இரண்டு மணி நேரத்தை மட்டும்தான் பார்க்கிறது. மாலை ஒத்திகையையும் இரவு நிகழ்ச்சியையும் சேர்த்துக் கூட்டுவது உங்கள் காது மட்டுமே. என்னோடு வாசித்த ஒரு கிதார் கலைஞருக்குக் காதிரைச்சல் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மூன்று குழுக்களில் வாசித்தவர், எந்தக் குழுவும் தன்னால் என்று நினைக்கவில்லை. அமைதியான அறையில் தூங்க முடிவதில்லை என்கிறார். தயவுசெய்து காதடைப்பான் போடுங்கள்.

புதிதாக டிரம்ஸ் வாசிப்பவர்:

ஐயா, பஞ்சு அடைப்பான் போட்டுப் பார்த்தேன். சிம்பல் ஒலி மங்கிப்போய், பேஸ் மட்டும் கும்மென்று கேட்கிறது. தாளத்தின் உணர்வே போய்விடுகிறது.

நீண்டகாலமாக டிரம்ஸ் வாசிப்பவர்:

பஞ்சு உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகம் விழுங்கும், அதனால்தான் தம்பி. இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் அடைப்பான்கள் இருக்கின்றன. செவித்திறன் நிபுணரிடம் போனால் உன் காதின் அச்சை எடுத்துச் செய்துதருவார். அதில் 9, 15, 25 டெசிபல் என்று வடிகட்டியை மாற்றிக்கொள்ளலாம். ராக் ஒத்திகைக்கு 25, மென்மையான நிகழ்ச்சிக்கு 9 அல்லது 15. எத்தனை குழுவில் வாசித்தாலும் அச்சு ஒன்றே போதும். முதல் இரண்டு வாரம் உன் குரலே தலைக்குள் முழங்குவதுபோல் இருக்கும், கழற்றிவிடாதே. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போதும் போட்டுப் பழகு.