மெய்யுரு வேண்டாம், உடனிருப்பு போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நேரில் நிற்கும் ரோபோவுக்கு 'மெய்யுரு', திரையில் தோன்றிப் பேசும் உருவத்துக்கு 'மெய்நிகர் முகவர்' என்று நேற்று நம் கலைச்சொல் இழையில் இரண்டு தமிழ்ச்சொல் வந்திருந்தன. முகவரை முதலில் அனுப்பிவிடலாம் ஐயா, அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எல்ஐசி பாலிசியோடு வாசலில் நிற்பவர்தான் ஞாபகம் வருகிறார். வேலையாள், காவலாள் மாதிரி 'திரையாள்' என்று வைத்துக்கொள்வோமே.

மெய்யுருவில்தான் எனக்குச் சிக்கல். யேல் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ரோபோவைச் சிலர் அறையிலேயே பார்த்தார்கள், சிலர் நேரலை வீடியோவில் பார்த்தார்கள். ஒரு அடுக்குப் பாடப்புத்தகங்களைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லி அது கேட்டது. அறையில் இருந்து கேட்டபோதுதான் அதிகம் பேர் போட்டார்கள், ரோபோவை நெருங்காமல் அதிகம் இடம் விட்டு நடந்ததும் அவர்கள்தான். இரண்டு பக்கமும் உடம்பு ஒன்றே, பக்கத்தில் இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் மாறியது. அப்புறம் உடம்பை வைத்துச் சொல் கட்டினால் எப்படிப் பொருந்தும்?

நம்ம புதுச்சேரி மாசி மகத்தைப் பாருங்கள். வைத்திக்குப்பம் தீர்த்தவாரியை டிவியில் போட்டால் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பார், நடுவில் போனும் பேசுவார். மயிலம் முருகன் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டால் ஈரக் கையைப் புடவையில் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாய் திறக்காமல் நிற்பார். சாமி ஒன்றுதான்.

இன்னொன்று, மெய் என்றால் உண்மையும்தானே. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2007இல் உடல்நலம் பற்றிக் கேள்வி கேட்க ரோபோவையும் திரையாளையும் வைத்துப் பார்த்தார்கள். ஜனங்களுக்கு ரோபோவைத்தான் பிடித்திருந்தது, ஆனால் தங்கள் கெட்ட பழக்கங்களை அதனிடம் குறைவாகத்தான் சொன்னார்கள். மெய்யுருவின் முன்னால் மெய்யை மறைத்தார்கள் என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார்.

அதனால் என் ஓட்டு 'உடனிருப்பு'. புதிதாக எதுவும் கட்டவில்லை, ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்குத் துணையாகத் தங்குபவரை 'உடனிருப்பவர்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். உடனிருக்கும் ரோபோ, திரைவழி ரோபோ, திரையாள் என மூன்றும் தனித்தனியாக நிற்கும். 'உடனுறை' என்று ஒருவர் சொல்லியிருந்தார், அழகான சொல்தான், ஆனால் சங்கப்பாட்டில் தலைவனும் தலைவியும் இருக்கிற இடத்தில் ரோபோவை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, திரையாளுக்குப் பன்மை திரையாட்களா, திரையாள்களா? நாட்கள், நாள்கள் சண்டையே இன்னும் ஓயவில்லை. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.