'ரிங்கா ரிங்கா ரோசஸ்' பிளேக் பாட்டாம்! தும்மல் எங்கே ஐயா?

தாமிரக்கரை: எல்கேஜி பிள்ளைகள் பாடும் இந்தப் பாட்டு, 1665 லண்டன் பிளேக்கில் செத்தவர்களைப் பற்றியதாம். நேற்று ஒருவர் இங்கே போட, ஆளாளுக்கு ஆமாம் சாமி. இங்கிலாந்தில் இது ஓவியர் கேட் கிரீனவேயின் குழந்தைப் பாட்டுப் புத்தகத்தில் அச்சேறியது 1881இல். இடையில் 216 வருடம் எங்கே ஒளிந்திருந்தது?

மாடிவீட்டு மணி: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். உங்கள் ஆச்சியின் தாலாட்டை எந்த அச்சகத்தில் போட்டார்கள்? ரோஜா என்பது தோலில் வந்த சிவப்பு, பையில் பூ நாற்றத்துக்கு, அப்புறம் தும்மல், அப்புறம் சாவு. எல்லாம் பொருந்துகிறதே!

தாமிரக்கரை: 1881 புத்தகத்தில் தும்மலே கிடையாது. 'ஹஷ்' என்று நாலு தடவை வருகிறது, அவ்வளவுதான்.

சுண்டல்: நம் ஊரிலும் 'ஹஷ்ஷா புஷ்ஷா'தானே?

மாடிவீட்டு மணி: அந்த ஹஷ்ஷாதான் தும்மல். காது இருந்தால் கேட்கும்.

தாமிரக்கரை: ஜெர்மன் பிள்ளைகளும் வட்டம் சுற்றி, புதருக்கடியில் உட்கார்ந்து 'ஹுஷ் ஹுஷ்' என்கிறார்கள். அவர்களுக்கும் சளியா? அமெரிக்காவில் நாட்டார் வழக்காறு ஆய்வாளர் நியூவெல் 1883இல் வெளியிட்ட சிறுவர் பாட்டுத் தொகுப்பில், 1790 வாக்கில் நியூ பெட்ஃபோர்டில் பாடியதாக ஒரு வடிவம் இருக்கிறது. அது ஜோசி என்ற சின்னப் பெண்ணோடு முடிகிறது. யாரும் தும்மவில்லை, விழவும் இல்லை. அப்போது லண்டனில் இருந்த அரசு அதிகாரி பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் 1665 பிளேக்கைப் பக்கம் பக்கமாக எழுதினார். இந்தப் பாட்டைப் பற்றி ஒரு வரி உண்டா? பிளேக் கதை பரவியதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

வெள்ளைக்கோட்டு: பிளேக்கில் பெரும்பாலும் நெறிதான் கட்டும். நுரையீரலைத் தாக்கினால் இருமல், ரத்தச் சளி வரும்.

மாடிவீட்டு மணி: டாக்டரே சொல்லிவிட்டார்!

வெள்ளைக்கோட்டு: இருமல் என்றேன். தும்மல் என்று சொல்லவில்லை.

மாடிவீட்டு மணி: மூக்குக்கும் வாய்க்கும் எத்தனை மைல்?

கொடிக்கால்: 'கை வீசம்மா கை வீசு' பாட ஆளில்லை, வெள்ளைக்காரன் மூக்குக்கு இத்தனை சண்டை.

சுண்டல்: உங்கள் பேத்தி படிப்பது மெட்ரிக் பள்ளிதானே அண்ணாச்சி?

கொடிக்கால்: என் பேத்தியை எதற்கு இழுக்கிறாய்? போன மாதம் பல்லாங்குழி விவாதத்திலும் நீதான் வீட்டுப் பேச்சை எடுத்தாய்.

தாமிரக்கரை: பல்லாங்குழியை விடுங்கள். மணி சார், 1881க்கு முந்தைய தும்மல் ஒன்று. ஒன்றே ஒன்று காட்டுங்கள்.

மாடிவீட்டு மணி: பிளேக்கில் யாருமே தும்மவில்லை என்று நீங்கள் காட்டுங்கள்.

தாமிரக்கரை: கேட்டது பாட்டில் இருக்கும் தும்மலை!

கொடிக்கால்: சுண்டல், பதில் சொல்லிவிட்டுப் போ.