நீதியரசர் நியமனம்: புதிய நோட்ஸ் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். நேற்று இரவு யூடியூப் பார்த்துவிட்டு, நீதியரசர்களைத் தெரிவு செய்வது கொலிஜியம் (மூத்த நீதிபதிகளின் குழு) என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். அது இந்தியாவில், பிள்ளை! அவர்களுடைய உச்ச நீதிமன்றம்தான் இலங்கையில் நமக்கு உயர் நீதிமன்றம். பெயரிலேயே குழம்பிவிட்டாள், பாவம்.

எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிக் கொடுத்தேன்: புதுக்கடை உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசர்களை நியமிப்பவர் ஜனாதிபதி, ஆனால் அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். பேரவையில் 10 பேர், சபாநாயகர் தலைவர். ஓய்வு வயது 65.

சிக்கல் அரசியலமைப்புத் திருத்தங்களில்தான். 2001இல் 17ஆம் திருத்தம் பேரவையைக் கொண்டுவந்தது, 2010இல் 18 எடுத்துவிட்டது, 2015இல் 19 திருப்பித் தந்தது, 2020இல் 20 மறுபடி எடுத்தது, 2022இல் 21 மறுபடி தந்தது. ஊஞ்சல் மாதிரி! வீட்டிலிருக்கும் பழைய நோட்ஸ் 19உடன் நின்றுவிட்டது.

21ஆம் திருத்தம் வரைக்கும் தமிழில் நோட்ஸ் வைத்திருப்பவர்கள் தருவீர்களா? வந்து போட்டோகொப்பி எடுத்துக்கொள்வேன். அப்புறம், சட்டத்தரணிகள் யாராவது இருந்தால் ஒரு கேள்வி: ஜனாதிபதி அனுப்பும் பெயரைப் பேரவை மறுத்தால் அடுத்து என்ன நடக்கும்? மகள் கேட்டாள், நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.