தாத்தாவின் சீட்டில் எழுத்து ஊதாவாக மாறிவிட்டது, பக்கங்களும் ஒட்டிக்கொள்கின்றன. உதவி வேண்டும்

உப்புக்காற்று (தூத்துக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதமாக ஓர் ஆர்ட் ஜர்னல் செய்துகொண்டிருக்கிறேன். என் தாத்தா இங்கே ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் மூட்டைக் கணக்கு எழுதிய சீட்டுகள் நாற்பது அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. அவற்றோடு இன்லேண்ட் கடிதங்கள், தீப்பெட்டிப் படங்கள், பஸ் டிக்கெட்டுகள், நான் வரைந்த உப்பளக் காட்சிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நோட்டாக்கி, தை மாதம் அத்தையின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

இப்போது மழைக்காலம். வேலை கெட்டுக்கொண்டே போகிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவி ஒட்டுகிறேன். காய்ந்ததும் பக்கம் அப்பளம் மாதிரி வளைந்து நிற்கிறது. அக்ரிலிக் பூசிய இரண்டு பக்கங்கள் ராத்திரி மூடி வைத்ததில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது நான் வரைந்த துறைமுகத்தில் பாதி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நேற்று தாத்தாவின் ஒரு சீட்டை ஒட்டினேன். 1961ஆம் ஆண்டுச் சீட்டு, சாதாரணப் பென்சிலில் எழுதியது போல் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. பசை பட்ட இடமெல்லாம் எழுத்து பளிச்சென்று ஊதாவாக மாறிக் கசிந்துவிட்டது. பசையில் ஏதாவது கோளாறா? இன்னும் முப்பத்தொன்பது சீட்டு இருக்கிறது. கை வைக்கவே பயமாக இருக்கிறது.

காகிதப்பூ (கோவை):

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா. நோட்டின் தாள் எத்தனை ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்)? சாதாரண ஸ்கெட்ச் புக் என்றால் 120, 150 தான் இருக்கும், அது இவ்வளவு ஈரத்தைத் தாங்காது. தண்ணீர் வண்ணத்துக்கு என்று விற்கும் 300 ஜி.எஸ்.எம் தாள் வாங்கிப் பாருங்கள். வளைந்த பக்கத்துக்கு நான் செய்வது: பின்பக்கம் லேசாகத் தண்ணீர் ஸ்ப்ரே அடித்து, மேலே ஒரு துணி போட்டு, மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்ப்பேன். ஓரளவு நேராகிவிடும்.

தையல்நூல் (மதுரை):

அம்மா, முதலில் ஒன்று. தாத்தாவின் சீட்டு உள்ள எந்தப் பக்கத்திலும் தண்ணீர் தெளிக்காதீர்கள். அயர்ன் பாக்ஸும் வேண்டாம். காகிதப்பூ சொன்னது மற்ற பக்கங்களுக்குச் சரி, இதற்கு ஆகாது.

உங்கள் பசையில் கோளாறு இல்லை. தாத்தா எழுதியது சாதாரணப் பென்சில் இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு பென்சில் உண்டு. கரியோடு ஊதாச் சாயம் கலந்து செய்வார்கள். காய்ந்த தாளில் எழுதினால் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் சாயம் கரைந்து ஊதா. 1870களிலேயே வந்துவிட்ட பொருள். ரப்பரால் முழுதாக அழிக்க முடியாது என்பதால் கணக்கு எழுதுகிறவர்கள், பார்சல் ஆபீஸ், ரசீது போடும் இடம் எல்லாம் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நகல் எடுப்பதற்கும் இதுதான். மெல்லிய தாளை ஈரமாக்கி எழுத்தின் மேல் வைத்து அழுத்தினால் சாயம் அந்தத் தாளுக்கு இறங்கும். கண்ணாடியில் தெரிவது போல் எழுத்து திரும்பி விழும், தாளின் பின்பக்கம் வழியாகப் பார்த்து நேராகப் படித்துக்கொள்வார்கள்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி. ஒட்டாத ஒரு சீட்டில் எழுத்தே இல்லாத இடத்தில் பென்சில் தவறுதலாகப் பட்ட புள்ளி எங்காவது இருக்கும். பல் குத்தும் குச்சியின் முனையைத் தண்ணீரில் தொட்டு, உதறிவிட்டு, அந்தப் புள்ளியில் மட்டும் வையுங்கள். ஊதாவானால் அதுதான். பார்த்துச் சொல்லுங்கள், மீதியை எழுதுகிறேன்.

உப்புக்காற்று:

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஒரு சீட்டின் மூலையில் வைத்துப் பார்த்தேன். மூச்சு விடுவதற்குள் ஊதாப் பூ மாதிரி விரிந்தது. அத்தையிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஆமா, அப்பா பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் எழுதுவாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நாக்கு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும்" என்றார்கள். இத்தனை வருஷத்தில் இதை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. இனி என்ன செய்யட்டும்?

தையல்நூல்:

நாக்கில் தொட்டால் எழுத்து அழுத்தமாக விழும், அதனால்தான். அந்தச் சாயம் உடம்புக்கு ஆகாது. நீங்கள் யாரும் அப்படிச் செய்து பார்க்க வேண்டாம்.

மீதி முப்பத்தொன்பது சீட்டில் ஒன்றைக்கூட ஒட்டாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஈரப் பசை கூடாது என்பது மட்டுமில்லை, குச்சிப் பசையிலும் ஈரம் உண்டு. அந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும். ஜெராக்ஸ் கடையில் கலர் லேசர் பிரின்ட் எடுத்து அந்த நகலை ஒட்டுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்டர் வேண்டாம், அதன் மை பெரும்பாலும் தண்ணீரில் கசியும். லேசரில் விழுவது சூட்டில் உருகிப் பிடித்த டோனர் தூள், பசை தடவினாலும் அசையாது. அசல் சீட்டுகளுக்குக் கடைசி அட்டையில் ஒரு பை செய்து அதற்குள் வைத்துவிடுங்கள். அத்தை கையில் எடுத்துப் பார்க்கட்டுமே. ஒட்டிய சீட்டை எடுத்துப் பார்க்க முடியாது, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியாது.

இனி பக்கம் வளைவது. தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அதிகம் வளராது, பக்கவாட்டில்தான் உப்பும். பழைய நாளிதழை மேலிருந்து கீழே கிழித்துப் பாருங்கள், நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். நேராகக் கிழிகிற திசைதான் நாரோட்டம். நீங்கள் ஒட்டும் துண்டின் நாரோட்டமும் பக்கத்தின் நாரோட்டமும் ஒரே பக்கம் இருக்கட்டும், இரண்டும் நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். பாதி வளைவு இதிலேயே போய்விடும்.

மீதிப் பாதி இழுவிசை. ஈரத்தில் விரிந்த துண்டு காயும்போது சுருங்கி, தான் ஒட்டியிருக்கும் பக்கத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. பின்பக்கமும் அதே அளவு தாள் ஒன்றை ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகும். பைண்டிங்கில் அட்டைக்கு வெளியே காலிகோ துணி ஒட்டினால் உள்ளே தாள் ஒட்டாமல் விடமாட்டோம், அதுவும் இதற்காகத்தான். பசையில் தண்ணீரைக் குறையுங்கள். தடவியதும் உடனே ஒட்டாமல் ஒரு நிமிடம் விடுங்கள், விரிய வேண்டியது கையிலேயே விரிந்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பூனின் முதுகால் நீவுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் அச்சடிக்காத நியூஸ்பிரின்ட் வைத்து, மேலே ஒரு பலகை, பலகை மேல் அம்மிக்குழவியோ அரிசி டின்னோ. அரை மணிக்கு ஒருமுறை உள்ளே வைத்த தாளை மாற்றுங்கள். மூன்று நான்கு முறை மாற்றிய பிறகு ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். மின்விசிறிக் காற்றும் ஹேர் டிரையரும் மேல்பக்கத்தை மட்டும் முதலில் உலர்த்தும், அப்பளம் அங்கேதான் பிறக்கிறது.

மைதாப் பசைக்குப் போக வேண்டாம். பட்டறையில் நாங்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் காய்ச்சுவோம், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி வராமல் இருக்க. அது விஷம். வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்க்கிற நோட்டுக்கு அது வேண்டாம்.

வண்ணக்குடம் (சென்னை):

பக்கம் ஒட்டுவதற்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கும் ஒவ்வொரு ஐப்பசியிலும் இதே பாடுதான். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் படலம். தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே முழுக்க இறுக நாள் பிடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் அந்தப் படலம் எப்போதும் கொஞ்சம் இளகித்தான் இருக்கும். இரண்டு படலங்களை அழுத்தி வைத்தால் ஒன்றாகிவிடும். மேலே பளபளப்பான மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) பூசியிருந்தால் இன்னும் மோசம். மேட் பூச்சுக்கு மாறுங்கள்.

இனிமேல் ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். நோட்டை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்துவிடும். எடுத்தவுடன் ஓரத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துப் பிரித்தால் பெரும்பாலும் படம் சேதமில்லாமல் வரும். விறைத்த நிலையில் பக்கத்தை மடக்கக் கூடாது, பெயின்ட் வெடிக்கும். பிரித்ததும் கவருக்குள்ளேயே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் தாள் வியர்த்துவிடும். (ஊதா எழுத்து இருக்கும் பக்கம் என்றால் இதைச் செய்யவே வேண்டாம்.)

ஒட்டாமல் இருக்க, முழுக்க உலர்ந்த படத்தின் மேல் வெள்ளை மெழுகுவர்த்தியை மெல்லத் தேய்த்து, பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்துவிடுவேன். மெழுகு பூசிய பிறகு அதன்மேல் பெயின்ட் ஏறாது, எனவே இது கடைசி வேலை. பக்கங்களுக்கு நடுவே ஸ்டிக்கர் உரித்த பிறகு மிஞ்சும் வழவழப்பான தாளை வைத்து மூடுகிறேன். அதில் எதுவும் ஒட்டாது.

காகிதப்பூ:

ஐயா சொன்னதைப் படித்ததும் என் ஸ்ப்ரே பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டேன். நல்லவேளை அக்கா அதற்குள் தெளிக்கவில்லை.

பஸ் டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த பழைய அச்சு டிக்கெட் என்றால் தைரியமாக ஒட்டலாம். இப்போது மெஷினில் வருவது சூட்டில் கறுக்கும் தாள். ஒட்டி ஒரு வருஷத்தில் வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். எனக்கு ஊட்டிப் பயணம் ஒன்று அப்படியே மறைந்துபோனது. அதையும் ஜெராக்ஸ் எடுத்தே ஒட்டுங்கள்.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நாரோட்டம் பார்த்து, இரண்டு பக்கமும் ஒட்டி, அரிசி டின் வைத்து எடுத்த முதல் பக்கம் மேசையில் படுத்தே கிடக்கிறது!

இன்னொரு கேள்வி. நடுப்பக்கத்தில் உப்புக் குவியல் வரைகிறேன். அது தாளிலிருந்து எழும்பி நிற்க வேண்டும், விரல் வைத்தால் சொரசொரவென்று தெரிய வேண்டும். அத்தைக்கு இப்போது கண் அவ்வளவு தெளிவில்லை, தடவிப் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்வார்கள். எதை வைத்துச் செய்யலாம்?

பலாப்பலகை (தஞ்சாவூர்):

இது எங்கள் வேலை. தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் தூணும் எழும்பி நிற்பது மக்கு வேலையால். சாக் பவுடரையும் கோந்தையும் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காக வைத்து உயர்த்துவோம். ஆனால் அதை அப்படியே நோட்டில் செய்யாதீர்கள். எங்களுக்குக் கீழே பலகை இருக்கிறது, வளையாது. கோந்து காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் சுபாவம். நோட்டுப் பக்கத்தை நாலு தரம் புரட்டினால் உப்புக் குவியல் உதிர்ந்துவிடும்.

கோந்துக்குப் பதில் வளைந்து கொடுக்கும் பசை வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவு: வெள்ளை அக்ரிலிக் இரண்டு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, சலித்த சாக் பவுடர் கெட்டித் தயிர் பதம் வரும்வரை. கடையில் ஜெஸ்ஸோ என்று விற்பதும் ஏறக்குறைய இந்தக் குடும்பம்தான். பழைய ஏ.டி.எம் கார்டால் மெல்லிசாக ஒரு பூச்சு, காயட்டும், அப்புறம் அடுத்தது. ஒரே நாளில் தடிமனாக வைத்தால் வெடிக்கும். சொரசொரப்புக்குக் கடைசிப் பூச்சில் சலித்த ஆற்று மணலைக் கலந்துகொள்ளுங்கள். நிஜ உப்பைக் கலக்கத் தோன்றும், வேண்டாம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

உப்பை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வானத்தைத் தண்ணீர் வண்ணத்தில் போடுங்கள். பளபளப்பு மங்கி, ஆனால் ஈரம் இருக்கும் நேரத்தில் கல்லுப்பைத் தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றி நீரை உறிஞ்சி, நிறத்தைத் தள்ளி, நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிறிய பூ விழும். தூளுப்பு என்றால் பொடிப் பூக்கள். முழுக்கக் காய்ந்ததும் ஒரு கல் மிச்சமில்லாமல் உதறித் துடைத்துவிடுங்கள். அக்ரிலிக்கில் இது சரியாக வராது.

உப்புக்காற்று:

பத்து நாளாகிவிட்டது, வந்து சொல்லவில்லை என்று நினைத்திருப்பீர்கள். தாத்தா வேலை பார்த்த அளத்துப் பக்கமிருந்தே ஒரு பிடி கல்லுப்பு வாங்கி வந்து, தனியாக ஒரு 300 ஜி.எஸ்.எம் தாளில் வானம் செய்து ஒட்டினேன். அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. குவியல் மூன்று பூச்சு ஆகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி.

ஒரே ஒரு வருத்தம், முதலில் ஒட்டிக் கெடுத்த அந்தச் சீட்டு. ஊதாக் கறையை எடுக்க வழி உண்டா?

தையல்நூல்:

இல்லை அம்மா. ஸ்பிரிட் தொட்டால் இன்னும் பரவும். ப்ளீச் தாளையே தின்றுவிடும். உரிக்கவும் முயல வேண்டாம். அந்தப் பக்கத்தையே முதுகோரம் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி எடுத்து, சீட்டோடு சேர்த்துப் பையில் வைத்துவிடுங்கள். விட்ட ஓரம் மற்ற பக்கங்கள் தடித்துப்போனதற்கு இடம் கொடுக்கும், நோட்டு வாய் பிளக்காது.

உப்புக்காற்று:

வெட்டினேன் ஐயா. வெட்டிய பிறகுதான் எதிர்ப்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். அன்றைக்கு பசை காய்வதற்குள் நோட்டை மூடி வைத்திருக்கிறேன் போல. வெள்ளைத் தாளில் தாத்தாவின் நான்கு வரிக் கணக்கும் திரும்பிய எழுத்தாக, மெல்லிய ஊதாவில் இறங்கியிருக்கிறது. கைக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மூட்டை எண்ணிக்கை, தேதி, கீழே அவருடைய கையெழுத்து.

அந்தப் பக்கத்தில் நான் எதுவும் வரையப் போவதில்லை. எதிரே, பழைய ரசம் பூசிய சின்னக் கண்ணாடி ஒன்றைத் துணிப் பைக்குள் வைத்துத் தைக்கிறேன்.