2025 ஐத் திரும்பிப் பார்க்கையில்: எந்த மாற்றத்தை எந்த நாளில் எழுதுவது?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டு முடியும் தறுவாயில், அவ்வாண்டு வீட்டில் நிகழ்ந்த நல்லது கெட்டதுகளைச் சில பக்கங்களில் எழுதி, பினாங்கிலும் ஜொகூரிலும் இருக்கும் உடன்பிறந்தோருக்கு அனுப்புவது எங்கள் குடும்ப வழக்கம். அப்பா தொடங்கிவைத்த பழக்கம் அது. அவருக்குக் கைநடுக்கம் கண்ட பிறகு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வழக்கமாக ஒரே மாலையில் முடிந்துவிடும் வேலை, இந்த டிசம்பரில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

எழுதுவதற்குச் செய்தி இல்லாமலில்லை. அப்பா இவ்வாண்டுத் தைப்பூசத்திற்குச் சில நாள் முன்பு, எங்கள் வீட்டில் இருந்தபோதே காலமானார். செத்தாப்பாக்கில் நாங்கள் பதிவு செய்திருந்த அடுக்குமாடி வீட்டின் சாவி ஆண்டின் நடுவில் கைக்கு வந்தது. ஆனால் துக்க ஆண்டு என்பதால் புதுமனை புகுவிழா நடத்தவில்லை. இன்னும் செந்தூலில்தான் வாடகைக்கு இருக்கிறோம். மூத்த மகள் ஐந்தாம் படிவம் முடித்து, இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டாள். 2020 இல் அவள் ஆறாம் ஆண்டு படித்தபோது தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் பெருந்தொற்றால் ரத்தானது. மூன்றாம் படிவத்திற்கு வருவதற்குள் பிடி3 தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆகவே அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் அரசாங்கத் தேர்வே எஸ்பிஎம்தான். இவற்றுக்கிடையே நான் வேலையும் மாறினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சம்பளம் சற்றுக் கூடியிருக்கிறது, பயணம் குறைந்திருக்கிறது.

என் இடர்ப்பாடு இதுதான். தேர்வு இந்த ஆண்டு நடந்தது, முடிவோ அடுத்த ஆண்டுதான் வரும். வீடு இந்த ஆண்டு எங்கள் பொறுப்புக்கு வந்தது, பால் காய்ச்சுவது அடுத்த ஆண்டு. அப்பாவின் மறைவு இந்த ஆண்டு, ஆண்டுத் திதி அடுத்த ஆண்டு. எதை எழுத முனைந்தாலும் பாதியில் நிற்கிறது. டிசம்பர் 31 இல் கோடு போட்டு முடித்தால், இறப்பு ஒன்றைத் தவிர வேறெதுவுமே நடக்காத ஆண்டு போல அந்தக் கடிதம் படிக்கப்படும் என்று அஞ்சுகிறேன். ஆண்டுக் கணக்கை எழுதிவைக்கும் வழக்கம் உள்ளவர்கள் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எடுத்துக்கொள்கிறீர்கள்? நிகழ்ந்த நாளையா, சடங்கு செய்த நாளையா, எதைக் கணக்கில் கொள்கிறீர்கள்?

ஓய்வாசிரியர் (பினாங்கு) எழுதியது:

உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல், அம்மா.

தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவன் என்பதால் எனக்கு ஆண்டு என்பது நெடுங்காலம் பள்ளி ஆண்டாகவே இருந்தது. ஜனவரியில் தொடங்கும், நவம்பரில் முடியும், அதில் ஐயமே எழுந்ததில்லை. பெருந்தொற்று வந்து அந்த நிலையைக் குலைத்தது. 2022 முதல் 2024 வரை மூன்று பள்ளி ஆண்டுகளும் மார்ச்சில் தொடங்கின, 2025 ஆம் ஆண்டுக்குரியது பிப்ரவரியில் தொடங்கியது, 2026 இல்தான் மறுபடியும் ஜனவரிக்குத் திரும்புகிறோம். இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர் ஜனவரியில் புத்தகப்பை வாங்கிவைத்துவிட்டு மார்ச்வரை காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆண்டின் தொடக்கம் என்பது அமைச்சின் ஒரு சுற்றறிக்கையால் நகரக்கூடியது என்று கண்ட பிறகு, டிசம்பர் 31 மீது எனக்கிருந்த மரியாதை சற்றுக் குறைந்துவிட்டது.

இவ்வாண்டு எனக்கும் மாற்றங்கள் நிறைந்த ஆண்டே. 1965 இல், விசுவாவசு ஆண்டில் பிறந்தவன் நான். அறுபது ஆண்டுகள் சுழன்று, கடந்த ஏப்ரல் 14 அன்று மீண்டும் அதே விசுவாவசு பிறந்தது. அரசாங்கப் பணியாளருக்குக் கட்டாய ஓய்வு வயதும் அறுபதுதான் என்பதால், மணிவிழாவும் பணி ஓய்வும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. மணிவிழாவில் மாலையும் கழுத்துமாக நின்றபோது வயதானதாக உணரவில்லை. ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்திட்டபோதும் அப்படியே. என் மனைவி இன்னும் பணியில் இருக்கிறார். வரும் ஜனவரியில் பள்ளி திறந்து அவர் மட்டும் காலையில் புறப்பட்டுப் போகும்போதுதான் அது எனக்கு உறைக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே என் குறிப்பேட்டில் பணி ஓய்வுக்கு ஒரு பக்கத்தை இப்போதைக்குக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

நான் சித்திரை முதல் பங்குனிவரை எழுதுகிறேன். அடுத்த பராபவ ஆண்டு 2026 ஏப்ரல் 14 அன்று பிறக்கிறது. அதற்குள் உங்கள் மகளின் தேர்வு முடிவு வந்திருக்கக்கூடும், திதியும் நிறைவேறியிருக்கும். கடிதத்தை அதுவரை தள்ளிவைப்பதில் தவறொன்றும் இல்லையே? ஆனால் தந்தையார் மறைந்த நாள் முந்தைய குரோதி ஆண்டின் கணக்கில் விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் (கோலாலம்பூர்) எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் யோசனை கடிதத்திற்குப் பொருந்தும். வீட்டு விஷயத்திற்கு மட்டும் பொருந்தாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வீடு வாங்கல் ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன்.

மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கிய அடுக்குமாடி வீடு என்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட எச் அட்டவணை ஒப்பந்தமாக இருக்கும். அதன்படி, வீட்டைக் காலியாக ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். நீங்கள் பால் காய்ச்சிய நாளிலிருந்தோ குடிபுகுந்த நாளிலிருந்தோ அந்த 24 மாதங்கள் தொடங்குவதில்லை. துக்கம் காரணமாகச் சடங்கைத் தள்ளிவைக்கலாம். இந்தக் காலவரம்பைத் தள்ளிவைக்க யாராலும் இயலாது. பராமரிப்புக் கட்டணமும் அப்படித்தான், வீடு பூட்டிக் கிடந்தாலும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில்தான் சில குறைகள் வெளிப்படாமல் போகின்றன என்பது என் அனுபவம். குளியலறைத் தரையில் தண்ணீர் சரியாக வடிகிறதா, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு உண்டா என்பதெல்லாம் யாராவது தண்ணீர் புழங்கினால்தானே தெரியும்? நல்ல மழை பெய்யும் மாலையில் ஒருமுறை சென்று ஜன்னல் ஓரங்களைத் தொட்டுப் பாருங்கள். மேலும் ஒன்று: 2026 இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17 அன்று வருகிறது. இரும்புக் கதவு, அலமாரி, மின்விசிறி வேலைகளுக்கு ஆள் தேவைப்பட்டால் அதற்கு முன்பே பேசிவிடுங்கள். அதன் பிறகு சில வாரங்களுக்குக் குத்தகையாளர் எவரும் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

உங்கள் கேள்விக்கு என் விடை: பத்திரத்தில் உள்ள நாளைத்தான் எழுத வேண்டும். சாவியுடன் கொடுத்த கடிதத்தின் தேதியை அப்படியே குறித்துவையுங்கள்.

பட்டர்வொர்த் பெரியம்மா எழுதியது:

மகளே, நீ எழுதியதில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் உன் சகோதரர்தானே? பல குடும்பங்களில் ஓராண்டுக் கட்டுப்பாடு கருமம் செய்த மகனுக்கும் அவர் வீட்டாருக்கும்தான். மணமாகிப் போன மகள் வேறு வீட்டைச் சேர்ந்தவள் என்று கருதி, அவளுக்குச் சில நாள் தீட்டோடு முடித்துவிடுவார்கள். அப்பா உன் வீட்டிலேயே இருந்து காலமானதால் நீங்களாகவே ஓராண்டு காத்திருக்கிறீர்கள் போலும். அது உங்கள் மனத்திற்குச் சரியென்று பட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கட்டாயம் என்று எண்ணி வருந்த வேண்டாம்.

ஆனாலும் காத்திருந்தது நல்லதே என்று சொல்ல எனக்கு வேறு காரணம் உண்டு. புதுமனைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும் அல்லவா? உன் சகோதரர் துக்கம் காக்கும் காலத்தில் தட்டு எடுத்து வந்து முன்னே நிற்கமாட்டார். அவர் இல்லாமல் பால் பொங்கியிருந்தால், அந்தக் குறையை நீ பிறகு எத்தனை ஆண்டுகள் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். நாங்களும் இப்படிப் பேசியவர்கள்தான்.

இனி நாளுக்கு வருகிறேன். திதியை ஆங்கிலத் தேதியில் வைத்து எண்ணாதே. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். அதனால் திதி ஏறக்குறைய பதினொரு நாள் முன்தள்ளி வரும், சில ஆண்டுகளில் பின்னேயும் போகும். இவ்வாண்டு தைப்பூசம் பிப்ரவரி 11 அன்று வந்தது, அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்றே வந்துவிடுகிறது. பூசத்திற்குச் சில நாள் முன்பு என்றால் வளர்பிறைத் திதி. ஆகவே அப்பாவின் ஆண்டுத் திதி ஜனவரி கடைசி வாரத்திலேயே வந்துவிடும். பிப்ரவரியில்தான் என்று நினைத்துக்கொண்டு சகோதரர் விடுப்பு எடுத்திருந்தால் இப்போதே மாற்றச் சொல். கோயில் ஐயரிடம் இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் சரியாகக் குறித்துக் கொடுப்பார்.

திதி முடிந்த பிறகும் தை மாதத்தில் இரண்டு வாரம் மிச்சமிருக்கும். அதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடுவது உத்தமம். தவறவிட்டால் மாசி, பங்குனி இரண்டிலும் எங்கள் பக்கம் புதுமனை புகுவதில்லை. சித்திரைவரை காத்திருக்க நேரும், வாடகையும் கூடவே ஓடும்.

கெப்போங் இளையவள் எழுதியது:

எல்லாரும் தேதியைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். அக்கா, உங்கள் பட்டியலில் எனக்குக் குறையாகப் பட்டது வேறு. அப்பா உங்களுடன் வாழ்ந்தவர் என்கிறீர்கள். அவர் இல்லாத வீட்டில் அன்றாடம் என்ன மாறியது என்று ஒரு வரிகூட இல்லையே. என் பாட்டி மறைந்த ஆண்டில் எங்கள் வீட்டில் காலை வானொலி நின்றது, மின்னல் எஃப்எம் கேட்காத சமையலறையில் யாரும் நின்று பேசுவதும் இல்லாமல் போனது. சாயங்காலத்தில் வீட்டைத் திறந்துவைக்க ஆள் இல்லாததால் தம்பிக்கு முதன்முறையாகச் சாவி கொடுத்தோம். அவன் பெரியவனானதே அன்றைக்குத்தான் என்று அம்மா இன்றும் சொல்வார். இதற்கெல்லாம் பத்திரமும் கிடையாது, திதியும் கிடையாது. உங்கள் உடன்பிறந்தோர் வெளியூரில் இருப்பதால் அவர்களுக்குத் தெரியாதவை இவைதாம். சாவி கிடைத்த செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) அன்றே போயிருக்கும்.

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரியம்மா சொன்னதைப் படித்தவுடன் சகோதரரை அழைத்தேன். அவர் பிப்ரவரி முதல் வாரத்தில்தான் விடுப்புக் கேட்டிருக்கிறார், மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். திதியைச் செந்தூலிலேயே கொடுத்துவிட்டு, தைப்பூசத்திற்கு முன்னதாக, அப்பா வழக்கமாகச் செய்ததுபோல வெள்ளி ரதத்தின் பின்னே பத்துமலைவரை நடக்கலாமா என்றும் கேட்டார். இவ்வாண்டு எங்களில் யாருமே போகவில்லை.

கடிதத்தை இரண்டாகப் பிரிக்க எண்ணியிருக்கிறேன். ஆசிரியர் ஐயாவின் வழியில், தேர்வு முடிவு, வீடு, என் வேலை ஆகியவற்றைச் சித்திரையில் எழுதுவேன். இப்போது அனுப்பும் பகுதியில் அப்பா இல்லாத வீட்டைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று தோன்றுகிறது. கெப்போங் தங்கை சொன்னபடி யோசித்துப் பார்த்தால் அதற்கு நிறையவே இருக்கிறது. முன்பெல்லாம் பள்ளித் தேர்வுக் காலத்தில் மகளை விடியற்காலையில் எழுப்பியவர் தாத்தாதான். அவர் மறைந்த பிறகு அவள் தானாகவே எழுந்து, தேநீர் கலந்து, எனக்கும் ஒரு குவளை மூடிவைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். ஜொகூரில் உள்ள தங்கைக்கு இது தெரியாது.

எழுத்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி. என் கணவர் வாரந்தோறும் சென்று வீட்டைத் திறந்து பார்த்து வருகிறார். குளியலறை ஓடுகள் இரண்டு உட்கூடாக ஒலிப்பதையும், வரவேற்பறைச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஒன்றையும் படமெடுத்து வைத்திருக்கிறார். இவற்றை இப்போதே தெரிவிக்க வேண்டுமா, குடிபுகுந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தெரிவிக்கலாமா?

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் எழுதியது:

இப்போதே தெரிவித்துவிடுங்கள். ஒருமுறை புகார் கொடுத்தால் மறுமுறை கொடுக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. 24 மாதங்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். படங்களை இணைத்து, மேலாண்மை அலுவலகத்தில் கொடுக்கும் படிவத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். ஓடு மாற்றும்போது தூசி பறக்கும். பால் காய்ச்சுவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டால் உங்களுக்குத்தான் வசதி.