ஓவல் செயின்ரிங்: வாட் கூடியது, நேரம் மட்டும் குறையவில்லை. ஏன்?

ஏற்றப்பிரியன்:
மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மாதம் இரண்டு முறை சைக்கிளில் ஏறுகிறேன். போன மாதம், பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரங்களில் (செயின்ரிங்) வட்ட ரிங் இரண்டையும் கழற்றிவிட்டு நீள்வட்டமான ஓவல் மாட்டினேன். கடைக்காரர் வாட், அதாவது மிதிக்கும் சக்தி, ஏறும் என்றார். ஏறத்தான் செய்தது. இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) இருக்கும் பவர் மீட்டர் முன்பு 210 காட்டிய ஏற்றத்தில் இப்போது 219 காட்டுகிறது. ஆனால் மேலே போய்ச் சேரும் நேரம் அப்படியே இருக்கிறது. என் எடையும் டயர் காற்றும் மாறவில்லை. அந்த 9 வாட் எங்கே போகிறது? கூடவே, சின்ன ரிங்குக்கு மாற்றும்போது செயின் உள்பக்கம் கழன்று விழுகிறது.

பழைய பெடல்:
எங்கேயும் போகவில்லை தம்பி, அது வரவே இல்லை. இந்த மாதிரி மீட்டர்களில் பல, முறுக்குவிசையின் சராசரியை நிமிடச் சுற்றோடு பெருக்கிவிடும். ஒரு சுற்று முழுக்கக் கால் ஒரே வேகத்தில் போகிறது என்று நம்பிப் போடும் கணக்கு அது. வட்ட ரிங்கில் சரிதான். ஓவலில் நீங்கள் அழுத்தி மிதிக்கும்போது அகலப் பக்கம் வேலை செய்யும், கால் மெதுவாக நகரும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது விசுக்கென்று கடந்துவிடும். அழுத்தும் நேரம் நீள்வதால் சராசரி விசை ஏறுகிறது. அப்போது வேகம் குறைந்தது மீட்டருக்குத் தெரியாது. பின்சக்கரத்தின் நடுவே, ஹப்பில் அளக்கும் மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டிரெய்னர் (நின்ற இடத்திலேயே மிதித்து வாட் பார்க்கும் கருவி) கிடைத்தால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செயின்_எண்ணெய்:
செயின் விழுவதற்கு: பெரிய ரிங்கின் அகலப் பக்கம், செயினை ரிங் மாற்றும் முன் டிரெயிலியரின் கூண்டுக்குக் கீழே வரும்படி கிராங்கைத் திருப்பி, பல்லுக்கும் கூண்டுக்கும் 1 முதல் 3 மி.மீ. விட்டு உயரத்தை வையுங்கள். குறுகிய பக்கம் வரும்போது இடைவெளி கூடத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. அப்புறம் உள்பக்க எல்லைத் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். செயின் உள்பக்கம் விழாமல் தடுக்கும் செயின் கேட்சர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

ஊர்சுற்றி:
அப்படியானால் 2012இல் விக்கின்ஸும் 2013இல் ஃப்ரூமும் ஓவலில்தானே டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார்கள்?

பழைய பெடல்:
2008இல் சாஸ்த்ரேவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் ஜெயித்தவர்களை எண்ணினால் விரல் போதாது. விக்கின்ஸே பிறகு வட்டத்துக்குத் திரும்பினார். ஆக்ஸிஜன் செலவை அளந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. 1980களில் ஷிமானோ விற்ற பயோபேஸ் ரிங் இதற்கு நேர் எதிர்: அழுத்தும் இடத்தில் குறுகிய பக்கம் வரும். என் மாமா அதை மாட்டிக்கொண்டு முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தது நினைவிருக்கிறது. காரணம் ரிங்கா, மாமாவின் வயதா, அது வேறு கதை. ஓவல் எனக்குப் பிடித்தது மலைப் பைக்கில். சரளைக்கல் ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது பின்சக்கரம் வழுக்குவது குறைந்த மாதிரி இருந்தது.

ஏற்றப்பிரியன்:
நண்பனின் டிரெய்னரில் பார்த்துவிட்டேன். பழைய வட்ட ரிங்: மீட்டர் 210, டிரெய்னர் 205. ஓவல்: மீட்டர் 219, டிரெய்னர் 205. சரி, சந்தேகம் தீர்ந்தது. செங்குத்தான வளைவுகளில் மிதி சீராக இருப்பதால் ஓவலைக் கழற்றவில்லை. மீட்டர் எண்ணில் 4 சதவீதம் கழித்துக்கொள்கிறேன். டிரெயிலியரை 2 மி.மீ.க்கு வைத்திருக்கிறேன். ஞாயிறு ஏறிவிட்டு, செயின் விழுந்ததா என்று எழுதுகிறேன்.